ஓய்வுநாளில் ஓய்வில்லாதவர்கள்

அம்மாவிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. மளிகைக் கடைகளில் வைத்திருப்பார்களே, சிவப்பு அட்டை போட்டது, அந்த மாதிரி. முதல் பக்கத்தில் 'ஓய்வுநாள் பள்ளி, கிறிஸ்துமஸ்' என்று எழுதியிருப்பார். உள்ளே ஆண்டு வாரியாகச் செலவுக் கணக்கு. ஜிகினாத் தாள், சார்ட் பேப்பர், பசைக்கு மைதா மாவு, தேவதூதர்களின் இறக்கைக்குத் தெர்மோகோல், மேய்ப்பர்களுக்குத் துண்டு (அப்பாவுடையது), ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளுக்கு பிஸ்கட். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை இருக்கும். அதற்குப் பக்கத்தில் 'வரவு' என்று ஒரு கட்டம் போட்டிருப்பார். பதினெட்டு ஆண்டுக் கணக்கில் அந்தக் கட்டம் இரண்டே முறைதான் நிரம்பியிருக்கிறது.

அம்மா நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி கோயம்புத்தூருக்கு வந்தவர். அப்பாவுக்கு மில்லில் வேலை, அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. கோவையின் சீர்திருத்தச் சபைகளில் இப்படித் தெற்கிலிருந்து மில் வேலைக்கும் வாத்தியார் வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. இங்கே எல்லாரும் 'சண்டே ஸ்கூல்' என்பார்கள். அம்மா மட்டும் ஊர் வழக்கப்படி 'ஓய்வுநாள் பள்ளி' என்றே சொல்வார். ஓய்வுநாளில் நடக்கும் பள்ளி. அதை நடத்துகிறவருக்கு ஓய்வு உண்டா என்று அந்தப் பெயரை வைத்தவர்கள் யோசித்திருப்பார்களா என்பது, அம்மாவின் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

டிசம்பர் எப்படி இருக்கும் என்று, உள்ளே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடங்களில் அரையாண்டுத் தேர்வு நடப்பதும் அந்த மாதத்தில்தான். பிள்ளைகளுக்குப் படிப்பு, ஆசிரியைகளுக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. அதற்கு நடுவே நாடக ஒத்திகை, பாட்டுப் பயிற்சி, வசனம் ஒப்புவித்தல், பரிசுப் பொருள் வாங்கிப் பொட்டலம் கட்டுதல். ராத்திரி வாலிபர்கள் கேரல் ரவுண்ட்ஸ் வருவார்கள். கீபோர்டும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாக அவர்கள் வந்து சேர நள்ளிரவு தாண்டும். அந்நேரத்துக்கு டீ போட்டுக் கேக் வெட்டி வைப்பது வீட்டுப் பெண்களின் பாடு. மரியாள் வேஷம் யாருக்கு என்பதில் வரும் சண்டை தனிக் கதை. சிவப்பாக இருக்கிற பிள்ளைக்குத்தான் மரியாள், கறுப்பாக இருக்கிற பிள்ளைக்கு எப்போதும் மேய்ப்பன் என்பதை அம்மா மாற்றிய ஆண்டு, மூன்று வீடுகள் அவரோடு பேசுவதை நிறுத்தின. 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனை. அதற்குள் வீட்டில் முறுக்கு, கச்சாயம், பிரியாணிக்கு வெங்காயம். முடிந்தது என்று உட்கார்ந்தால், 31ஆம் தேதி ராத்திரி ஆராதனையில் பிள்ளைகள் பாட வேண்டும்.

கொங்கு நாட்டில் எந்தப் பண்டிகைக்கும் 'நோம்பி' என்றுதான் பெயர். நோன்பு என்ற சொல்லின் பேச்சு வடிவம். தீவாளி நோம்பி, மாரியாத்தா நோம்பி என்பதுபோல எங்கள் தெருவில் "டீச்சர் வீட்ல கிறிஸ்துமஸ் நோம்பிங்க" என்பார்கள். விருந்துக்கும் பட்டினிக்கும் ஒரே சொல். விருந்து யாருக்கு, நோன்பு யாருக்கு என்பதைச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சோர்வை நாங்கள் எங்கள் சொந்தக் குறையாகவே நினைத்து வந்தோம். ஜெபம் போதவில்லை, திட்டமிடத் தெரியவில்லை, பொறுமை இல்லை என்று. ஆனால் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டபோது குற்ற உணர்ச்சி கொஞ்சம் குறைந்தது, கோபம் கொஞ்சம் கூடியது. இரண்டும் எனக்கு நல்லதாகவே இருந்தன.

*

ஞாயிறு பள்ளியின் தந்தை யார் என்று எந்த வேதாகம வினாடி வினாவிலும் கேட்பார்கள். ராபர்ட் ரெய்க்ஸ் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் பத்திரிகை நடத்தியவர். வாரம் ஆறு நாளும் ஊசித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிவதைப் பார்த்து, 1780இல் அவர்களுக்கு எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுக்கப் பள்ளி தொடங்கினார். லண்டனில் தேம்ஸ் நதிக்கரைப் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

யாரும் கேட்காத கேள்விகள் இரண்டு. முதலாவது, அவருக்கு முன்னால் யாரும் இல்லையா? இருந்தார். ஹை விக்கம் என்ற ஊரில் ஹன்னா பால் என்ற மெதடிஸ்ட் பெண் 1769இலேயே ஞாயிறு பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அவர் பத்திரிகை முதலாளி இல்லை. ரெய்க்ஸ் தன் முயற்சியைத் தன் பத்திரிகையிலேயே எழுதினார், நாடெங்கும் பரவியது.

இரண்டாவது, ரெய்க்ஸின் பள்ளியில் பாடம் நடத்தியவர் யார்? ரெய்க்ஸ் இல்லை. முதல் வகுப்பு மெரிடித் என்ற பெண்ணின் வீட்டில் நடந்தது. பிள்ளைகளின் அட்டகாசம் தாங்காமல் அவர் விட்டுவிட, பிறகு கிங் என்ற பெண் பொறுப்பேற்றார். ரெய்க்ஸ் தான் அமர்த்திய பெண்களுக்கு ஞாயிறுக்கு ஒரு ஷில்லிங் வீதம் கூலி கொடுத்தார். ரெய்க்ஸின் முதல் ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் சம்பளம் வாங்கிய பெண்கள்! எனக்கு இது தெரியவந்தபோது வயது நாற்பத்திரண்டு. அதற்குள் இருபது கிறிஸ்துமஸ் நாடகம் போட்டு முடித்திருந்தேன்.

அந்தக் கூலி நீடிக்கவில்லை. இயக்கம் பெருகப் பெருக, காசு வாங்காமல் கற்பிப்பதுதான் பக்தி என்ற எண்ணம் வலுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது சம்பள ஆசிரியர்கள் மறைந்து தன்னார்வலர்கள் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். சம்பளம் இல்லாத ஞாயிறு பள்ளிதான் கப்பலேறி நம் ஊருக்கு வந்தது.

*

கோயம்புத்தூருக்கு லண்டன் மிஷன் 1830இல் வந்தது. வந்தவர் ஆடிஸ் என்றுதான் சபை வரலாறுகள் சொல்லும். வந்தது இருவர், அவரும் அவர் மனைவியும். சம்பளப் பட்டியலில் இருந்தது ஒரு மிஷனரி. பெண் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பு சொல்வது, தையல் பழக்குவது, அவர்களைப் பராமரிப்பது எல்லாம் மிஷனரி மனைவியின் பங்கு. அதை வேலை என்று யாரும் பதிந்து வைக்கவில்லை. மணமாகாத பெண்களை மிஷனரிகளாகவே நியமித்து அனுப்பும் ஏற்பாட்டை லண்டன் மிஷன் 1875இல்தான் தொடங்கியது. அதுவரை ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள்.

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரர்களோடு முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மக்கள் பலர் சபைகளில் சேர்ந்தார்கள். பண்ணையத்தில் வருஷக்கூலிக்கு உழைத்தவர்கள். அப்படிப்பட்ட ஊர்களில் உபதேசியார்தான் வாத்தியார், அவரேதான் சபை ஊழியர். அவர் மனைவியோ பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, பேன் பார்த்து, சட்டை தைத்துப் போட்டு, கிறிஸ்துமஸுக்கு அவர்களை வரிசையாக நிறுத்திப் பாட வைப்பவர். சபைப் பதிவேட்டில் அவர் 'மனைவி' என்ற கட்டத்தில் இருப்பார்.

எல்லாப் பெண்களுமே சம்பளமில்லாமல் உழைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. வேதாகம ஸ்திரீகள் என்று அழைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் விதவைகள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்து வேதம் சொன்னவர்கள். அவர்களுக்குச் சிறு சம்பளம் உண்டு. நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் 1820களில் தொடங்கிய லேஸ் பின்னல் தொழிலின் வருமானம் பெண்கள் பள்ளியைத் தாங்கியது. ஆக, சபைக்காகப் பெண்கள் செய்யும் வேலைக்குக் காசு கொடுப்பது கிறிஸ்தவத்துக்குப் புறம்பான காரியமாக ஒருகாலத்தில் கருதப்படவில்லை.

ஞாயிறு பள்ளிகளை ஒழுங்குபடுத்த 1876இல் அலகாபாத்தில் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் தொடங்கியது. பின்னாளில் அதன் தலைமையிடம் நமக்கு மேலே, குன்னூருக்கு வந்தது. பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர் பயிற்சி என்று எல்லாம் முறையாயின. பயிற்சி பெற்ற ஆசிரியை, அச்சடித்த பாடப் புத்தகம், மதிப்பெண் பட்டியல், சான்றிதழ். ஒரு தொழிலுக்கு வேண்டிய அத்தனையும் வந்து சேர்ந்தன, ஊதியம் ஒன்றைத் தவிர.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது, 1950இல் கோயம்புத்தூர் திருமண்டலம் உருவாகி ஏ. ஜே. அப்பாசாமி முதல் பேராயரானார். அந்தத் திருச்சபையில் ஒரு பெண் குருவாக அபிஷேகம் பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் பேராயராவதற்கு 2013. சம்பளமுள்ள ஊழியத்தின் கதவு பெண்களுக்கு இத்தனை காலம் சாத்தியிருந்தது. சம்பளமில்லாத ஊழியத்தின் கதவை ஒருநாளும் யாரும் சாத்தியதில்லை.

*

இந்த 'ஊழியம்' என்ற சொல்லை நின்று பார்க்க வேண்டும்.

இன்று சபைகளில் இது புனிதமான சொல். அம்மா நோட்டில் வரவுக் கட்டம் ஏன் காலியாக இருந்தது என்று கேட்டால், "ஊழியத்துக்குக் கணக்குப் பார்ப்பாங்களா?" என்பார்கள். ஆனால் அதே சொல் பழைய திருவிதாங்கூரில் வேறு பொருளில் வழங்கியது. ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் அரசுக்கும் கோவிலுக்கும் கூலியில்லாமல் செய்தே ஆக வேண்டிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்று பெயர். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரி மாவட்டத்துப் பகுதிகளில் அந்த நினைவு நீண்ட காலம் இருந்தது. அங்கே கிறிஸ்தவர்களான மக்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையாவது எங்களை ஊழிய வேலைக்கு இழுக்காதீர்கள் என்பது. 1810களில் அங்கே ரெசிடெண்டாகவும் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த ஜான் மன்றோ அந்த விலக்கைக் கொடுத்தார்.

அந்தக் குமரி மாவட்டத்துச் சபைகளிலிருந்து கோவைக்கு வந்த குடும்பங்களின் பேத்திகள் இன்று ஞாயிற்றுக்கிழமைதோறும் 'ஊழியம்' செய்கிறார்கள். ஞாயிறு ஊழியத்திலிருந்து விடுதலை கேட்டு வாங்கிய மக்களின் வீட்டுப் பெண்கள்!

வேறொரு இடத்திலும் இந்தச் சொல் நம்மைக் கைவிடுகிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் மார்த்தாள், மரியாள் கதை வருகிறது. இயேசு வீட்டுக்கு வந்திருக்கிறார். மரியாள் பாதத்தருகே உட்கார்ந்து கேட்கிறாள், மார்த்தாள் அடுப்படியில் தனியாகக் கிடந்து அல்லாடுகிறாள். அவள் செய்வதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'டியாகோனியா'. அப்போஸ்தலர் நடபடிகளில் அப்போஸ்தலர்களின் பணியைக் குறிப்பதும் அதே சொல்தான். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அப்போஸ்தலர்கள் செய்யும்போது அது 'ஊழியம்'. மார்த்தாள் செய்யும்போது 'வேலை'. ஆண் செய்தால் ஊழியம், பெண் செய்தால் வேலை என்று மொழிபெயர்த்தவர்கள், சம்பளம் என்று வரும்போது மட்டும் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஆயருக்குச் சம்பளம் உண்டு. மார்த்தாளுக்கு ஊழியம்.

டிசம்பரில் ஏதாவது ஒரு கூட்டத்தில் யாராவது ஒருவர் மார்த்தாளைப் போல வருந்தாதீர்கள், மரியாளைப் போல அமர்ந்திருங்கள் என்று எங்களுக்குப் பிரசங்கம் செய்வார். சாப்பாட்டுக்கு முன்னால்தான் செய்வார். எல்லாரும் மரியாளாக உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குப் பந்தி பரிமாற யார் என்று அவர் சொன்னதில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடி, 1890இல் மில் முதலாளிகளை ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். 1891இன் தொழிற்சாலைச் சட்டம் வாரம் ஒரு நாள் விடுமுறையைக் கட்டாயமாக்கியது. ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இந்த ஊரின் மில் தலைமுறைகளுக்கு ஞாயிறு என்பது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் அது மில்லின் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துத் துணி, சந்தை, தண்ணீர் பிடிப்பது.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை, யார் யார் வேலை செய்யக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் மிருகங்கள், உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன். மாட்டுக்கு இடமிருக்கிறது. மனைவியின் பெயர் இல்லை. பெண்ணிய வேத அறிஞர்கள் இதைச் சுட்டிக்காட்டிப் பல காலமாகிறது. 'நீ' என்பதில் அவளும் அடக்கம் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் நடைமுறையில் அந்தப் பட்டியல் எழுத்துக்கு எழுத்து நிறைவேறி வந்திருக்கிறது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்தை முடித்துவிட்டு வருகிறவளிடம்தான் சபை மேலும் இரண்டு மணி நேரம் கேட்கிறது.

அதுவும் சிரித்த முகத்தோடு. விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் எழுதிய ஆய்வு நூல், சிரிப்பதும் கோபத்தை அடக்குவதும் அவர்கள் வேலையின் ஒரு பகுதி என்றது. அதற்கு உணர்வு உழைப்பு என்று பெயர் வைத்தது. அந்தப் பணிப்பெண்களுக்காவது அதற்குச் சம்பளம் உண்டு. எங்களிடம் சிரிப்பு குறைந்தால் 'ஆவியின் கனி' குறைந்ததாகப் பேச்சு வரும்.

*

பண்டிகைக்கால மன அழுத்தத்தைச் சமாளிக்க ஆலோசனைகள் நிறையக் கிடைக்கின்றன. சீக்கிரம் எழுந்து தியானம் செய்யுங்கள், அட்டவணை போடுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், முடியாது என்று சொல்லப் பழகுங்கள். எல்லாம் நல்ல ஆலோசனைகள்தான், நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் இவை எல்லாமே அந்தப் பெண் செய்ய வேண்டிய இன்னொரு வேலை. பாரம் எப்படி வந்தது, யார் ஏற்றி வைத்தது என்று கேட்காமல், அதை எப்படி முதுகு வலிக்காமல் சுமப்பது என்று மட்டும் சொல்கிறவை.

அம்மாவின் நோட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் ஆறு ஆசிரியைகள் சபைக் கமிட்டிக்குப் போனோம். கேட்டது ஐந்து காரியங்கள். ஞாயிறு பள்ளிக் கிறிஸ்துமஸுக்குச் சபை பட்ஜெட்டில் தனி வரி, பில் கொடுத்தால் பணம். டிசம்பரில் பிள்ளைகளுக்கு மூன்று நிகழ்ச்சி வேண்டாம், ஒன்று போதும். ஒத்திகை அக்டோபரில் தொடங்கி, அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடிய வேண்டும். மேடை, திரை, சாப்பாடு, பாத்திரம் கழுவுவது இவற்றுக்கு ஆண்கள் ஐக்கியத்தில் பெயர் குறித்துப் பொறுப்பு. ஜனவரி முழுக்க ஆசிரியைகளுக்கு விடுப்பு, அந்த நாலு ஞாயிறும் கமிட்டி உறுப்பினர்களே வகுப்பு எடுக்க வேண்டும்.

கூடவே ஆறாவதாக ஒன்று கேட்டோம், சிறு ஊக்கத்தொகை. அதற்குத்தான் அமைதி விழுந்தது. "ஏனுங்க்கா, ஊழியத்துக்குச் சம்பளங்கேட்டா ஆண்டவர் என்ன நெனைப்பாருங்க?" என்றார் ஒரு பெரியவர். மரியாதையாகத்தான் கேட்டார். நான் மெரிடித் அம்மாவின் ஷில்லிங்கைச் சொன்னேன். அது யாரு, எந்தச் சபை என்றார்.

ஊக்கத்தொகை கிடைக்கவில்லை, மறுபடி கேட்கப் போகிறோம். மற்றவற்றில் நான்கு கிடைத்தன. ஜனவரி விடுப்பு இரண்டு வாரமாகக் குறைந்தது. முதல் வாரம் வகுப்பெடுக்கப் போன பொருளாளர், நாற்பது பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்து தண்ணீர் கேட்டார். பட்ஜெட்டில் எங்கள் வரியைக் கூட்ட வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் அவரே முன்மொழிந்தார்.

போன கிறிஸ்துமஸுக்குத் திரையை இழுத்தவர்கள் இரண்டு அண்ணன்மார். ஒருமுறை சிக்கிக்கொண்டது, பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சரியானது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு ஆண்டு நாடகம் போட்டவர், அன்றுதான் கிறிஸ்துமஸ் நாடகத்தை முன்பக்கமிருந்து பார்த்தார். அதற்கு முன் எல்லா ஆண்டும் திரைக்குப் பின்னால் நின்று, மறந்துபோன சாஸ்திரிகளுக்கு வசனத்தை எடுத்துக்கொடுத்தபடி, ஒரு கையில் இறக்கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நட்சத்திரம் கோணலா இருக்கு" என்றார். "மத்தபடி, நாடகம் நல்லாத்தான் இருக்கும்போல."